மதன் கட்டின கூட்டாளி போயிட்டார். இந்த மாசிக்கு காமன் கூத்து வைக்கிறதா, விடுறதா?

மஸ்கெலியா ரதி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், சிவன் மதனை எரிச்ச கதையை ஆடுற காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டுறவன் நான். எங்க பக்கம் ஆம்பளைதான் ரதி கட்டுறது. எனக்கு மதன் கட்டின கூட்டாளி போன ஐப்பசி அடைமழையில் இறந்துட்டார். பேரை இங்கே போடவேண்டாம்னு அவர் சம்சாரம், எங்க மதினி, சொன்னாங்க, அதனால போடலை. கூத்துப் பழகினவங்களுக்கு ஆள் யாருன்னு புரியும்.

லயத்தில், அதான் தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா எங்களுக்கு. ஒரே இஸ்தோப்பில், திண்ணையில், வளர்ந்தோம். அவங்க அப்பாதான் எங்க ரெண்டு பேருக்கும் கூத்து வாத்தியார். தேயிலைச் செடியை வெட்டுற கவ்வாத்து வேலைக்கு மலைக்குப் போனாலும் என் கூட்டாளி வாயில் கூத்து விருத்தம்தான் ஓடும். கத்தி வீச்சுக்குத் தாளம் போட்டுக்கிட்டே வெட்டுவார். நான் அடுத்த நிரையில் நின்னு ரதி பாட்டை எடுப்பேன். கணக்கப்பிள்ளை வந்தா ரெண்டு பேரும் நிறுத்துவோம், அவர் அங்கிட்டுப் போனதும் விட்ட அடியிலிருந்து பிடிப்போம்.

தப்பு மேளமும் அடிப்பார். மாசிப் பனியில் தோல் தொய்ஞ்சு போகும்ல, அப்ப காஞ்ச மிலாறை, கவ்வாத்தில் வெட்டின தேயிலைக் குச்சியை, கூட்டித் தீ போட்டு, கைப்பக்குவமா காட்டி, விரலால் சுண்டிப் பார்த்துத்தான் பொடியன்கள் கையில் கொடுப்பார். வேற யார் காய்ச்சினாலும் அந்தச் சத்தம் வராது.

இன்னொண்ணு சொல்லணும். எங்க பழைய டவுன் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டினப்ப, 1969ல், தண்ணிக்குள்ள போச்சு. மழை இல்லாத காலத்தில் தண்ணி இறங்கினா பழைய கோயில் வெளியே தெரியும். அப்படித் தெரியுற சமயமெல்லாம் அவர் தப்பைத் தூக்கிக்கிட்டுப் போவார். சேத்தில் இறங்கி, அந்தக் கோயில் முன்னாடி சாமி அடி ஒண்ணு அடிச்சிட்டு வருவார். யாரும் சொல்லி அனுப்பினதில்லை. "பூசை இல்லாமக் கெடக்குல்ல"ன்னு மட்டும் சொல்லுவார்.

இப்ப என் கேள்வி. மாசி அமாவாசை கழிஞ்சு மூணாம் பிறைக்குக் கூத்து தொடங்கக் கம்பம் ஊன்றணும். சபையில் பாதிப்பேர் வைக்கலாம்கிறாங்க, பாதிப்பேர் தலைத்திவசம் முடியட்டும்கிறாங்க. வைச்சா மதன் யார் கட்டுறது? அதோட, மதன் சிவனோட தவத்தைக் கலைக்கக் கிளம்புறப்ப ரதிகிட்ட விடைபெறுற விருத்தம் இருக்கே, அது அவர் வாயில்தான் இருந்தது. வாத்தியார் எழுதின கூத்துக் கொப்பியில், நோட்டில், அந்த இடத்தில் தாள் கரைஞ்சு போயிருக்கு. எனக்கு என் பதில் பாட்டுத் தெரியும். அவர் சொல்ற பாட்டு காதில் இருக்கு, வாயில் வரமாட்டேங்குது.

உங்க பக்கம் இப்படி நடந்தப்ப என்ன செஞ்சீங்க? சொல்லுங்க.

பசறைத் தப்பு எழுதியது:

அண்ணே, மனசு கனத்துப் போச்சு. கூத்து சம்பந்தமா பெரியவங்க சொல்லுவாங்க. நான் ஒண்ணு கேட்கிறேன். அவர் எழவுக்குத் தப்பு யார் அடிச்சது?

ஏன் கேட்கிறேன்னா, எங்க டிவிஷனில் தப்பு அடிக்கிற வீடுகள் ரெண்டுதான் இருந்தது. சாமி ஊர்வலத்துக்கு, கல்யாணத்துக்கு, அந்தக் காலத்தில் விடியக் கருக்கல்ல பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுறது) எழுப்புறதுக்கு, எல்லாத்துக்கும் அவங்கதான் அடிச்சாங்க. ஆனா மத்த லயத்து ஆளுக கண்ணில் அவங்க "சாவுக்கு அடிக்கிற ஆளுக" மட்டும்தான். அந்த வீட்டுப் பையன்கள் வளர்ந்து, படிச்சு, இனிமே எந்தச் சாவுக்கும் அடிக்கமாட்டோம்னு தப்பை இறக்கி வைச்சாங்க. நான் அவங்க பக்கம். கூலியும் கொடுக்காம, உள்ளே உட்காரவும் சொல்லாம, வாசலில் நின்னு அடின்னு சொன்னா யார் அடிப்பாங்க?

அதுக்கப்புறம் நாங்க பள்ளிக்கூடத்துப் பொடியன்கள் சேர்ந்து, எல்லா லயத்திலிருந்தும் ஆள் எடுத்து, அந்த வீட்டுத் தாத்தாவையே வாத்தியாரா உட்காரவைச்சுப் பழகினோம். அவர் சொன்ன ஒரே நிபந்தனை, "எழவு அடியையும் பழகணும். அதை அசிங்கம்னு விட்டுட்டு மேடை அடி மட்டும் வேணும்னா என்கிட்ட வராதீங்க." இப்ப எங்க தோட்டத்தில் யார் செத்தாலும் எல்லா சாதிப் பிள்ளைகளும் நின்னு அடிக்கிறோம். அந்தத் தாத்தா போனப்ப அடிச்சதுதான் இன்னைக்கும் கையில் இருக்கு.

மஸ்கெலியா ரதி எழுதியது:

தம்பி, கேட்டது நல்லது. கூத்தில் அவர்கிட்டப் பழகின பொடியன்கள்தான் அடிச்சாங்க, எல்லா லயத்துப் பொடியன்களும். மழை விடலை. தோல் நிக்கலை. பெரட்டுக்களத்துத் தகரத்துக்குக் கீழே மிலாறு போட்டுக் காய்ச்சிக் காய்ச்சி ஒருத்தன் கொண்டாந்து கொடுக்க, ஒருத்தன் தொய்ஞ்சதை வாங்கிட்டுப் போக, அப்படியே நீர்மாலையிலிருந்து குழிவரைக்கும் போனோம்.

ஊவாமலை எழுதியது:

ஆழ்ந்த அனுதாபங்கள். என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது, கோவிச்சுக்காதீங்க.

ஒரு வருஷம் விடுங்க. கூத்து தெய்வ காரியம். காப்புக் கட்டி, விரதம் இருந்து, மதனும் ரதியும் வீடு வீடா ஆடி வர்றப்ப காலைக் கழுவி, தேங்காய் உடைச்சுக் கும்பிடுறாங்க. அந்த வீட்டு வாசலுக்கு ஆடி வந்தா அந்த அம்மா எந்த முகத்தோட தட்டைத் தூக்கிட்டு வெளியே வரும்? தன் புருஷன் போட்ட கிரீடத்தை இன்னொருத்தன் போட்டுக்கிட்டு நிக்கிறதை அதே வருஷம் பார்க்கணுமா? மூணு மாசம் நாலு மாசத்துப் புண்ணு அது.

துக்கத்துக்கு ஒரு வருஷம் கொடுக்கிறது ஏன்னா, அது வேணும்ங்கிறதால்தான். பெரியவங்க சும்மா வைக்கலை.

பண்டாரவளை பேரன் எழுதியது:

ஊவாமலை அண்ணன் சொல்றது மனசுக்குப் படுது. ஆனா எங்க தோட்டத்தில் வாத்தியார் இறந்த வருஷம் விட்டாங்க. அடுத்த வருஷம் ரதி கட்டினவர் கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டார். அதுக்கடுத்த வருஷம் சம்பளப் போராட்டம், கையில் காசில்லைன்னு விட்டாங்க. இப்ப கூத்து ஆடின காமன் பொட்டலில் வாகனம் நிறுத்துறாங்க. கம்பம் ஊன்றின குழி எதுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு இடத்தைக் காட்டுறாங்க.

மாத்தளைப் பெரியவர் எழுதியது:

தம்பிமாரே, வயசானவன் கொஞ்சம் நீட்டி எழுதுறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காமன் கூத்தே ஒரு சாவைச் சுற்றி நடக்கிற கூத்துதான். தேவர்கள் காரியம் நடக்கவேண்டும் என்று மதனை அனுப்புகிறார்கள். ரதி போகாதே என்கிறாள், கெட்ட கனவு கண்டேன் என்கிறாள். அவன் போகிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். அவனை அனுப்பின தேவர்களில் ஒருத்தரும் எரியவில்லை. இதைத் தோட்டத்துச் சனம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பி (காபி) பயிரிட்ட காலத்தில், காலராவிலும் காய்ச்சலிலும் பாதையோரம் விழுந்தவர்களுக்குக் கருமாதி செய்ய ஆள் நிற்கவில்லை. கூட வந்தவன் மண்ணைத் தள்ளிவிட்டு அடுத்த தங்குமிடத்துக்கு நடக்கவேண்டியிருந்தது. அப்படி அழாமல் வந்த அழுகையெல்லாம் மாசி மாதத்தில் ரதி வாய் வழியாகத்தான் வெளியே வந்தது என்பது என் எண்ணம். 2023ல், வந்து 200 வருஷம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் திரும்ப நடந்தார்களே, அவர்கள் எங்கள் ஊருக்குள் வந்தபோது நான் ரோட்டோரம் நின்றிருந்தேன். எனக்கு அந்த ரதி புலம்பல்தான் நினைவுக்கு வந்தது.

அதனால் எழவு விழுந்த வருஷம் கூத்து ஆகாது என்பதை நான் ஏற்கவில்லை. எழவு விழுந்த வருஷத்துக்கென்றே ஏற்பட்ட கூத்து இது.

இன்னொன்று. மூன்றாம் நாள் மதன் எழும்புகிறான், ஆனால் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்பது வரம். மற்றவர்களுக்கு அவன் இல்லை. மஸ்கெலியாத் தம்பி, அந்த இடத்தில் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்துப் பாடுவீர்கள்? எங்கள் பழைய ரதி ஒருவர் ஆளில்லாத பக்கம் திரும்பித்தான் பாடுவார், மதன் வேஷக்காரர் பக்கத்திலேயே நின்றாலும். காரணம் கேட்டால், "எனக்குத் தெரியிறவன் அங்கிட்டு இருக்கான்" என்பார்.

முன்பெல்லாம் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்து விடியவிடிய லாவணி பாடுவதும் உண்டு. மதன் எரிந்தான் என்று ஒரு பக்கம், எரியவில்லை என்று ஒரு பக்கம். எந்தக் கட்சியும் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

விருத்தம் காணாமல் போனதுதான் எனக்கு இன்னும் கவலை. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) மாதிரி ஒருவர் கேட்டு எழுதி வைத்ததால் தோட்டத்துப் பாட்டுகள் கொஞ்சம் தாளில் ஏறின. கூத்து விருத்தம் பெரும்பாலும் அந்தந்தத் தோட்டத்துக் கொப்பியோடு நிற்கிறது. யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

தேயிலைப்பூ எழுதியது:

நான் பொகவந்தலாவ. கொழுந்து எடுக்கிறவ. ஆம்பளைங்க கூத்தைப் பத்திப் பேசுற இடத்தில் ஒரு பொம்பளை சொல்றதையும் கேளுங்க.

ரதி கட்டுறது ஆம்பளை, சரி. ஆனா அந்தப் புலம்பல் மெட்டு யாருடையது? எங்க ஆயாமார் ஒப்பாரி. எங்க தோட்டத்து ரதி வாத்தியார் எழவு வீட்டுக்கு வந்தா வாசலில் ஆம்பளைங்களோட உட்காரமாட்டார், சுவத்தோரம் வந்து நின்னு நாங்க அழுறதைக் கேட்பார். அடுத்த மாசியில் அந்த இழுப்பு அவர் பாட்டில் இருக்கும். அதில் எங்களுக்குக் கோபமில்லை, பெருமைதான். நாங்க அழுதது வீணாப் போகலை.

அதனால் சொல்றேன், அண்ணே. சபையில் பாதி, பாதின்னு பேசுறதுக்கு முன்னால மதினிகிட்டக் கேட்டீங்களா? ஊவாமலை அண்ணன் அந்த அம்மா எந்த முகத்தோட வெளியே வரும்னு கேட்டார். அதை அவங்களே சொல்லட்டும். நாம அவங்களுக்காக முடிவு பண்ணக்கூடாது.

உங்க கூட்டாளியை நான் பார்த்ததில்லை. ஆனா நீங்க மிலாறு தீயைப் பத்தி எழுதினதைப் படிச்சிட்டு மலைக்குப் போனேன். நிரையில் நின்னப்ப தானா வந்தது. எழுதிட்டேன்:

பன்னெண்டா நம்பர் மலை
பனியெறங்கி நிக்கயிலே
பொன்னான எங்கண்ணன்
போன வழி தெரியலியே

மிலாறு வெட்டி வச்சேன்
மேற்கால தீ வளத்தேன்
எட்டு மலை கேட்ட தப்பு
ஏணையில தூங்குதையா

பிடிச்சா மதினிகிட்டப் பாடிக் காட்டுங்க.

கொழும்பில் இருக்கும் லயத்துப் பையன் எழுதியது:

தேயிலைப்பூ அக்கா, பஸ்ஸில் உட்கார்ந்து படிச்சேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிட்டேன்.

மஸ்கெலியா மாமா, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். மேல் கணக்கு, தொங்கவீட்டுப் பையன். போன மாசிக்கு வந்தப்ப உங்க ரெண்டு பேரையும் ஃபோனில் எடுத்தேன். வேலைக்குப் போறவங்க பிள்ளைகளை விடுற பிள்ளைக் காம்பரா பின்னாடி நின்னு பழகுனீங்க. தகரத்தில் மழை அடிக்குது, பாதி கேட்கலை. ஆனா அந்த விருத்தத்தில் முதல் ரெண்டு அடி கேட்குது, அப்புறம் மழை கூடிடுது, கடைசி வரி திரும்பக் கேட்குது. நடுவில் அவர் சிரிக்கிறார்.

எழவன்னைக்கே வாட்ஸ்அப்பில் போடலாம்னு நினைச்சேன். எங்கம்மா தடுத்துட்டாங்க. "செத்தவர் குரலை அந்தப் பிள்ளைக கேட்கத் தயாராகுறதுக்கு முந்தி ஊர் கேட்கக்கூடாது"ன்னாங்க. அதனால வைச்சிருக்கேன். மதினி சரின்னா உங்களுக்கு மட்டும் அனுப்புறேன். மூணு இடத்தில் பிரதி எடுத்து வைச்சிட்டேன், ஃபோன் தொலைஞ்சாலும் போகாது.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்க தோட்டத்து வாத்தியாரை உயிரோட இருக்கிறப்பவே எடுங்க. மேடையில் ஆடுறதை மட்டும் எடுக்காதீங்க. உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறதை எடுங்க, எங்கே மூச்சு விடணும், எந்த அடிக்கு எந்தக் கால்னு அவங்க சொல்றதை எடுங்க. எடுத்த கையோட எந்தத் தோட்டம், யார், எந்தப் பாட்டுன்னு பேசி அதிலேயே பதிஞ்சிடுங்க.

கூடலூர்க்காரன் எழுதியது:

நீலகிரி கூடலூரிலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். என் அப்பா பிறந்தது உங்கள் மஸ்கெலியாவில்.

தோட்டத்துச் சனத்தை இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொண்ட 1964 ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்கவேண்டும், 3 லட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை என்று எழுதினார்கள். ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்து, 1974ல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்தப் பாதி ஒவ்வொரு கூத்துச் சபைக்குள்ளும் வந்தது. எங்கள் தாத்தா தப்பு, அப்பா மதன். அப்பாவுக்கு ரதி கட்டினவர் விண்ணப்பம் போட்ட பக்கம் வேறு, அப்பா போட்ட பக்கம் வேறு. தலைமன்னாருக்கு ரயில் ஏறுகிற அன்று ஹட்டன் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுத சனத்தைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்லுவார். ஆனால் தன் ரதியைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. 1984ல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. இருவரும் அதன் பிறகு பார்க்கவே இல்லை.

மஸ்கெலியா ரதி அண்ணன், நீங்கள் உங்கள் கூட்டாளியை மண்ணில் வைத்தீர்கள். என் அப்பா தன் கூட்டாளி எப்போது இறந்தார் என்பதே தெரியாமல் இறந்தார். அவருக்காக ஒரு நாள் தலை முழுகக்கூட இல்லை. எந்த நாளில் முழுகுவது?

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கூத்துக் கொப்பி ஒன்று இருக்கிறது. மையால் எழுதினது. நேற்று எடுத்துப் பார்த்தேன். மதன் விடைபெறும் விருத்தம் முழுதாக இருக்கிறது. எங்கள் வாத்தியாரும் உங்கள் வாத்தியாரும் ஒரே ஆளிடம் படித்தார்களா தெரியாது, ஆனால் உங்கள் பக்கத்துப் பாட்டாகத்தான் இருக்கவேண்டும். தாள் தாளாகப் படம் எடுத்துத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

மஸ்கெலியா ரதி எழுதியது:

கூடலூர்க்காரனுக்கு எப்படிப் பதில் எழுதுறதுன்னு தெரியாம ரெண்டு மூணு நாள் இந்தப் பக்கமே வரலை.

தம்பி, படம் எல்லாம் வந்தது. பையன் அனுப்பின ஒலியையும் மதினி சம்மதத்தோட கேட்டேன். முதல் ரெண்டு அடி அப்படியே ஒண்ணு. கடைசி வரி வேற. உங்கப்பா கொப்பியில் "வருவேன்"னு முடியுது. எங்காள் "வந்தால் பார்"னு முடிக்கிறார். வாத்தியார் மாத்தினதா, இவரே மாத்தினதா, யாரைக் கேட்கிறது.

மதினிகிட்டப் போனேன். தங்கச்சி தேயிலைப்பூ சொன்ன பிறகுதான் போனேன், அதுக்கு முந்தி சபை ஆளுக யாரும் போகலை. இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒப்பாரியைப் பாடிக் காட்டினேன். முழுசாக் கேட்டாங்க. ரெண்டாவது பாட்டில் தப்பு ஏணையில் தூங்குதுன்னு வந்ததும் உள்ளே போய் அவர் தப்பை எடுத்துட்டு வந்து என் மடியில் வைச்சாங்க. "இதை நீங்க தூங்க வைக்காதீங்க. கூத்து வைங்க. எங்க வாசலுக்கு மட்டும் ஆடி வரவேணாம், நான் பொட்டலுக்கு வந்து பார்க்கிறேன்"ன்னாங்க. மதனை மூத்த பையன் கட்டட்டும்னு சபையில் ஒருத்தர் சொன்னதையும் சொன்னேன். தீட்டு இருக்கு, அவன் இந்த வருஷம் வேணாம், அடுத்த வருஷம் அவன் விருப்பம்னு சொல்லிட்டாங்க.

ஊவாமலை அண்ணே, நீங்க சொன்ன வாசல் விஷயம் சரிதான். அதை அப்படியே வைச்சுக்கிறோம்.

ஊவாமலை எழுதியது:

அந்த அம்மா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லை. யார் மதன் கட்டுறது? ஆள் இல்லைன்னா எங்க தோட்டத்துப் பையன் ஒருத்தன் இருக்கான், காப்புக்கு முந்தியே அனுப்பி வைக்கிறேன். நல்ல கால். அடவு கொஞ்சம் வேறயா இருக்கும், பழக்கணும்.

மாத்தளைப் பெரியவர் எழுதியது:

கடைசி வரிக்கு என் வாக்கு "வந்தால் பார்". அவர் பாடினது அது. மற்றதைக் கொப்பியில் பக்கத்திலேயே எழுதி, கூடலூர்க் கொப்பி என்று குறித்து வையுங்கள்.

பசறைத் தப்பு எழுதியது:

எனக்கு "வருவேன்"தான் பிடிச்சிருக்கு. ஆனா பெரியவர் சொன்னபடி ரெண்டையும் எழுதி வைங்க. அண்ணே, நாங்க ஆறு பேர் தப்போட வர்றோம். தங்க இடம் மட்டும் சொல்லுங்க.

மஸ்கெலியா ரதி எழுதியது:

ஊவாமலை அண்ணே, பையனை அனுப்புங்க. அடவை நான் பழக்குறேன். தம்பி பசறை, கோயில் மண்டபத்தில் படுக்கலாம், போர்வை கொண்டு வாங்க, ராத்திரி குளிர் தாங்காது. தங்கச்சி தேயிலைப்பூ, ஒப்பாரி ரெண்டையும் புலம்பலில் சேர்க்க உங்ககிட்டக் கேட்டுக்கிறேன். மதன் எரிஞ்ச உடனே பாடுற இடத்தில் வைக்கலாம்னு சபை சொல்லுது. பேர் போடணும்னா சொல்லுங்க, கொப்பியில் எழுதிடுறேன். கூடலூர்த் தம்பி, உங்கப்பாவோட ரதி பேரையும், அவர் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்னும் தனிமடலில் எழுதுங்க. இங்கே பழைய ஆளுக இன்னும் நாலு பேர் இருக்காங்க, நான் போய் விசாரிக்கிறேன்.